கச்சான் காற்றும் உம்மாவின் அபாயாவும்

என் உயிரான உம்மாவுக்கு,

மண்ணுக்குள் உங்கள் கப்று குளிர்ந்திருக்கட்டும். இங்கே கல்முனையில் கச்சான் அடிக்கிறது. வயல் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில், கொடியில் போட்ட துணி கை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டதுபோல் இருக்கிறது. உற்றுக் கேட்டால் மட்டும், தூங்குகிறவரின் மூச்சு மாதிரி அலைச் சத்தம்.

உங்கள் உடுப்புகளை உங்கள் தங்கச்சி, எங்கள் சாச்சி, ஏழைகளுக்குச் சதகாவாகக் கொடுத்துவிட்டா. நீங்கள் வெளியே போகையில் உடுத்திய அந்தக் கறுப்பு அபாயாவை மட்டும் உங்கள் சின்ன மகள் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹிபா அதை அலுமாரியிலிருந்து எடுப்பாள். அறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் கையில் தேய்ப்பாள். சரசரவென்று சத்தம் வரும். கையில் உள்ள மெல்லிய முடிகள் எழுந்து நிற்கும். துணி தானாக வந்து அவள் கையில் ஒட்டிக்கொள்ளும்.

"ராத்தா, உம்மா புடிக்கிறா," என்று ஒருநாள் என் காதில் சொன்னாள்.

அது துணியில் வரும் மின்சாரம் என்று எனக்குத் தெரியும், உம்மா. ஆனாலும் அவள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு நானும் கையை நீட்டினேன்.

பிறகுதான் அவள் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு எடுக்காமல் ஒளிவது தெரிந்தது. அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். குளிக்கவும் மாட்டாளாம். "என்னகா இது, தண்ணியக் கண்டா பூன மாதிரி ஓடுறாய்!" என்று சாச்சி கத்தினா. நான் ஊர்ந்துபோய் அவள் பக்கத்தில் படுத்துக் கேட்டேன்.

"கை நனைஞ்சா உம்மா வாறா இல்ல," என்றாள்.

எனக்குப் பயம் பிடித்தது. மாரி வந்தால் இவள் என்ன செய்வாள்? காற்றில் ஈரம் ஏறியதும் அந்த அபாயா வெறும் துணியாகிவிடும். நீங்கள் இன்னொரு முறையும் போய்விட்டதாக நினைக்கமாட்டாளா? மழைக்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டும். வாப்பாவால் உங்கள் பெயரைக்கூட இன்னும் சொல்ல முடியவில்லை.

அதனால் மின்சாரம் என்றால் என்ன என்று ஹிபாவுக்குச் சொல்ல, விஞ்ஞானப் பாடத்தில் செய்த மின்சுற்றைக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு பெட்டரி, இரண்டு வயர், ஒரு சின்ன பல்ப். பெட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பைக் கடந்து மற்றப் பக்கத்தால் பெட்டரிக்கே திரும்ப வேண்டும், அப்போதுதான் எரியும் என்றேன். அவள் ஒரு வயரைக் கழற்றினாள். அணைந்தது.

"திரும்பி வர வழியில்லாட்டி?"

"நிண்டுரும்."

அவள் முகத்தைப் பார்த்ததும், இதை ஏன் தொடங்கினேன் என்று ஆகிவிட்டது.

"அபாயால வயரே இல்லியே," என்றாள்.

"அது ஓடுற மின்சாரமில்ல. தேய்க்கிறதால வந்து, அப்படியே நிக்கிற மின்சாரம். மத்தத் துணியிலயும் வரும்."

"பொய்! வாப்பாட சாரனத் தேய்ச்சிப் பாத்த நான். வரல்ல."

என்னைக் கேட்காமலே பரிசோதனை செய்திருக்கிறாள், உம்மா! வாப்பா இடுப்பில் கட்டும் அந்தச் சாரன் மருதமுனையில் நெய்த பருத்தி, அதில் எப்படி வரும்? கொடியில் சாச்சியின் புது அபாயா ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தேய்த்தோம். அதுவும் சரசரத்தது. அதுவும் ஒட்டியது.

"பெருநாளைக்கு எடுத்த உடுப்புகா! ரெண்டு பேரும் அதக் கிழிச்சித்தான் விடுவீங்க!" என்று குசினியிலிருந்து சாச்சியின் குரல். ஹிபா சிரிக்கவில்லை.

"தேய்க்கக்குள்ள ஒன்ட கையில இருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம் துணிக்குப் போகுது," என்றேன். "கையில குறையுது, துணியில கூடுது. அதாலதான் ரெண்டும் ஒண்ட ஒண்டு இழுக்குது."

"அப்ப அபாயால இரிக்கிறது என்டயா?"

"ஓம்."

"உம்மா உடுத்தக்குள்ள?"

"உம்மாட."

"அது எங்க போன?"

"ஈரம் பட்டா நிக்காது. வழிஞ்சி நிலத்துக்குப் போயிரும்."

அவள் அபாயாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே தென்னோலைகள் உரசிக்கொண்டிருந்தன.

"உம்மாவும் நிலத்துக்குள்ளதானே," என்றாள்.

அவள் எழுந்து, அபாயாவை இன்னும் ஒருமுறை கை முழுக்கத் தேய்த்தாள். பிறகு வெறுங்காலோடு முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரை தண்ணீர் ஊற்றினாள். விழுந்த தண்ணீரை மணல் அந்த இடத்திலேயே குடித்துவிட்டது.

"இந்தாங்க உம்மா," என்று குனிந்து சொன்னாள்.

பிறகு ஈரக் கையோடு வந்து, தொழுகை விரிப்பில் என் பக்கத்தில் நின்றாள்.

அவள் கையிலிருந்து வழிந்த மின்சாரம் உங்களிடம் வந்து சேர்ந்ததா, உம்மா? அவள் அனுப்பியது என்று உங்களுக்குத் தெரிந்ததா?

வடக்கே முகில் கட்டத் தொடங்கும் நாள் வரும். காற்றில் ஈரம் ஏறி, அந்த அபாயா சரசரக்காமலும் ஒட்டாமலும் போகும். அன்றைக்கு ஹிபா கையை நீட்டினால் நான் பிடித்துக்கொள்வேன். விடமாட்டேன், உம்மா.

உங்கள் மூத்த மகள்,
ஹிபாவின் ராத்தா