பெரஹரா முடிந்து ஆப்பிரிக்கா

நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத கணவர் மோகனராஜ் இன்னும் எழும்பவில்லை. துணிக்கடை திறக்கப் புறப்பட்ட கஜலட்சுமி, கலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். பத்து மணிக்கு சஃபாரி டிக்கட் போடுறவர் வருவார். மறுபடி மே மாசம்னு அடம்பிடிக்காதீங்க, அப்ப கென்யாவுல மழை. மிருகங்க கூட்டமா ஆத்தைக் கடக்குறது ஆகஸ்ட், செப்டம்பர்லதான். ஆகஸ்ட்ல பெரஹரா திருவிழா வரும், யாவாரம் நடக்குற நேரம், கடையைப் பூட்ட ஏலாது. செப்டம்பர்னு சொல்லுங்க.

அடுத்ததாப் போற விக்டோரியா நீர்வீழ்ச்சியில மே மாசம் மாதிரி இல்லாம செப்டம்பர்ல தண்ணி குறைஞ்சிரும்னுதானே கோபம்?"

சாவியை எடுத்தவள் திரும்பி வந்து, ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கல்யாணமான புதுசுல நீர்வீழ்ச்சி காட்டுறேன்னு ரம்பொடைக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அங்க சொட்டுத் தண்ணி இல்ல. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டேனா?"