ஆறில் ஐந்தா, எட்டில் ஏழா?

மஞ்சக்குப்பம், கடலூர்
4.5.2025

வினோதினிக்கு,

நலம் விசாரிக்கும் பழக்கம் நமக்குள் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. இப்போது புதிதாகத் தொடங்க வேண்டாம். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்கு உன் மகள் சிந்துஜாவை உன் தம்பி வந்து அழைத்துப் போனான். 'உன் மகள்' என்று எழுதக் காரணம் இருக்கிறது. நான்காம் வகுப்பு முடித்தவளிடம் மூன்றில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால், எட்டில் ஒன்று என்கிறாள். என் டியூஷன் சென்டரில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தித்தான் கேட்டேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் இளவரசு வீட்டில் இப்படி ஒரு மூளை யார் வழியில் வந்தது என்று நான் யோசிக்கவே தேவைப்படவில்லை.

உன் தொடக்கப் பள்ளியில் பாட்டும் கைத்தட்டலுமாக ஏதோ நடத்துகிறாயே, அதை வீட்டுக்குக் கொண்டுவராதே. குறுக்குப் பெருக்கலை மட்டும் மனப்பாடம் செய்ய வை. புரிய வைக்க வேண்டாம். புரிகிற ரகமில்லை அவள்.

இளவரசு

---

சிதம்பரம்
11.5.2025

மதிப்பிற்குரிய கணித ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மட்டும் இன்னும் அழகாக இருக்கிறது.

கடிதம் வந்த அன்றே அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"என்னடி பாக்குற?"

"நீ எதுன்னு நெனைக்கிறன்னு பாக்குறேம்மா. அப்பா கேட்டா அவுரு மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவேன். மொறைச்சாருன்னா ஒடனே மாத்திடுவேன். அன்னிக்கு அவுரு போர்டு பக்கம் திரும்பி நின்னுட்டாரு. ஒண்ணும் தெரியல."

இத்தனை வருடமாக நீங்கள் கற்றுக்கொடுத்தது இதைத்தான். இந்தப் பாடத்தில் அவள் வகுப்பிலேயே முதல்.

கடையிலிருந்து பன் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். மூன்று பேர் பங்கு போட்டால் எவ்வளவு, எட்டு பேர் பங்கு போட்டால் எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு பேரா? ஆளுக்கு ஒரு வாய்கூட வராதே!" என்றாள். அவ்வளவுதான் கணக்கு. பேர் ஏற ஏற பங்கு சிறுக்கும். மறுநாள் சின்ன பன்னில் பாதியையும் பெரிய பன்னில் பாதியையும் நீட்டி, இரண்டும் ஒன்றுதானே என்றேன். "ஒரே மாரி பன்னா இருந்தாதாம்மா ஒண்ணு. நீ ஏமாத்துற" என்று சண்டைக்கு வந்தாள். அப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பன்னைத்தான் பார்த்தாள்.

அவள் பையில் கொண்டுவந்த உங்கள் சென்டர் நோட்ஸில் கடைசிக் கணக்கு: ஆறில் ஐந்து, எட்டில் ஏழு, எது பெரிது? அதற்கு அவளே எழுதிய விடையை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரமிருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

வினோதினி

---

கடலூர்
17.5.2025

வினோதினிக்கு,

விடைத்தாளைப் படித்துச் சிரித்தேன். "ரெண்டுலயும் ஒரு துண்டுதான் கொறையுது. ஆறா வெட்டுனா துண்டு பெருசு. எட்டா வெட்டுனா சின்னது. சின்னத் துண்டு கொறைஞ்சா மீதி ஜாஸ்தி. அதனால எட்டில் ஏழு." இது கணக்கா, டீக்கடைப் பேச்சா? குறுக்குப் பெருக்கல் எங்கே? முதல் படி எங்கே, இரண்டாம் படி எங்கே? பூஜ்யம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவள் கையிலேயே கொடு.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை அவளை அனுப்பிவிடு. உன்னிடம் இன்னும் ஒரு மாதம் இருந்தால் பேக்கரியில் வேலைக்குத்தான் லாயக்காவாள்.

இளவரசு

---

சிதம்பரம்
22.5.2025

ஆசிரியர் அவர்களுக்கு,

கவரை அவளே பிரித்தாள். சிவப்பு மையில் நீங்கள் போட்ட பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பாவுக்குப் புரியலம்மா. எழுதுனா புரியாது போல. நேர்ல வரச் சொல்லு, நான் சொல்லித் தரேன்" என்றாள்.

உங்களுக்கு ஒன்றைப் புரியவைக்கும் பொறுமை எனக்கு எப்போதோ போய்விட்டது. அவளுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. அது உங்கள் அதிர்ஷ்டம், உங்கள் தகுதி இல்லை.

சனிக்கிழமை நீங்களே வாருங்கள். அவளுக்கு எதிரே பாயில் உட்காருங்கள். அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது, முறைக்கக் கூடாது. முடித்ததும் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குமேல் உங்களிடம் எதிர்பார்க்க எனக்கும் பைத்தியமில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு உங்களோடு வருவாள், நான் தடுக்க மாட்டேன். முடியாதென்றால் ஐந்தாம் வகுப்பை இங்கே என் பள்ளியிலேயே படிப்பாள்.

காலையிலிருந்து அவள் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் ஒரே நீளம். உங்களுக்காகத்தான்.

வினோதினி

---

கடலூர்
27.5.2025

வினோதினிக்கு,

சனிக்கிழமை எனக்கு வரிசையாக பேட்ச் இருக்கிறது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து பாடம் கேட்க எனக்கு நேரமில்லை. மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் துணிமணியையும் சைக்கிளையும் உன் தம்பி வந்து எடுத்துப் போகட்டும்.

அவள் எழுதிய விடை சரி. காரணமும் சரி. படித்தவுடனே எனக்குத் தெரிந்தது. என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட அந்தக் கணக்கை அப்படிப் போட்டதில்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இளவரசு