கையை எடுத்துவிட்டுத் தட்டு

இன்று காலை கொட்டகையைத் திறந்து, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த நீளப் பெட்டியை வெளியே இழுத்தேன். மூடியைத் தூக்கியதும் பிசின் வாசனை. உன் ஹார்டுவேர் கடையில், கல்லாவுக்குப் பின்னால் வைத்து நம் விமானத்தின் கார்பன் புரொப்பெல்லரை முதன்முதலாகப் பிரித்தோமே, அன்றைக்கு அடித்த அதே வாசனை. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பெட்டி வந்து கிட்டத்தட்ட ஏழு மாதம். ஊரில் யார் கேட்டாலும் "இன்னும் வரல" என்றே சொல்லிவந்தேன்.

இரண்டு பேர் உட்காரும் அந்தப் பழைய விமானத்தை நாம் பாதிப்பாதியாக வாங்கியபோது உத்திரமேரூர் கடைத்தெருவே சிரித்தது. பெருநகரில் என் வேர்க்கடலைக் கொல்லைதான் ஓடுபாதை. அப்போது அதில் மரப் புரொப்பெல்லர். மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருக்கும், கோடையில் சுருங்கும். இரண்டு தடவையும் போல்ட்டுகளை நாம்தான் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். கார்பன் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அதிர்வே இல்லை. "இன்னா நைனா, இஞ்சின் ஓடிக்கினு கீதா, நின்னுடுச்சா?" என்று மேலே போகும்போது என் தொடையைக் கிள்ளினாய். அன்று மாலையே மரப் புரொப்பெல்லரில் நாலு ஓட்டை போட்டுக் கடைச் சுவரில் அழகுக்கு மாட்டிவிட்டாய். இனி அது எதற்கு என்று நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆயுத பூஜைக்கு நான் பண்ணிய கூத்து உனக்கு மறந்திருக்காது. மூன்று பிளேடில் ஒன்றில் மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பிவிட்டேன். மறுநாள் ஏறியதும் விமானம் உதறிய உதறலில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இறங்கி, ஈரத்துணியால் காய்ந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, "மூணு புள்ள பெத்துட்டு ஒன்னுக்கு மட்டும் சோறு போட்டா மத்த ரெண்டும் சும்மா கீமா?" என்றாய்.

அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பறப்பதற்கு முன் ஒவ்வொரு பிளேடையும் ஒரு ரூபாய் நாணயத்தால் அடியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்ப்போம். நன்றாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும். உள்ளே கார்பன் அடுக்குகள் பிரிந்திருந்தால் மொத்தென்று கேட்கும். நான் ஒரு கையால் பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தட்டுவேன். "கைய எடுத்துட்டுத் தட்டு நைனா. நீ அமுக்கிக்கினா அது எப்டி பேசும்?" என்பாய். தலையாட்டுவேன். அடுத்த முறையும் பிடித்துக்கொள்வேன்.

டாக்டர்கள் கையை விரித்த பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "தென்னேரி ஏரி மேல ஒரு ரவுண்டு. வூட்லயும் ஒக்காந்துக்கினுதான் கீறேன், அங்கயும் ஒக்காரத்தானே போறேன்." மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய்த் தட்டினேன். இரண்டாவது பிளேடின் நடுவில் மொத்தென்றது. மறுபடி தட்டினேன், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மொத்தென்றது. உன்னிடம் வந்து, "பிளேடு போயிட்சி பாய், உன்ன வெச்சிக்கினு நான் ஏற மாட்டேன்" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். மூன்றையும் கழற்றி, செய்த கம்பெனிக்கே அனுப்பினேன். அவை திரும்புவதற்குள் நீ போய்விட்டாய்.

உனக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு முந்தின நாள் பெட்டி வந்தது. கூடவே ஒரு கடிதம். பிளேடுகளில் பழுது எதுவும் இல்லை. தட்டும்போது கையால் அழுத்திப் பிடித்தால் ஓசை மங்கும், பிடிக்காமல் தட்டவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் சொல்லிவிடத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என்னைப் பார்த்ததும், "நீங்க அன்னிக்கு வேணாம்னதாலதாண்ணா அவரு எங்க கண்ணு முன்னால, எங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு மௌத்தானாரு" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். கொண்டுவந்த கடிதத்தைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். அதன்பின் பார்க்கும் போதெல்லாம் அதே நன்றி. பறந்தால் பிளேடு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வந்துவிட்டது என்றால் அதில் என்ன பழுது என்று சொல்ல வேண்டும். விமானத்தைக் கொட்டகையில் பூட்டிவைத்தேன் என்று பெயர்தான். உள்ளே கிடந்தவன் நான்.

இன்று உன் மனைவி, கொட்டகையில் மாட்டியிருக்கும் உன் தொப்பியை எடுத்துப்போக வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தார். இரண்டாவது பிளேடை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்து, நீ என்னிடம் விட்டுப்போன நாணயத்தை அவர் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னேன். டிங் என்றது. பிறகு என் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்து, "இப்போ தட்டும்மா" என்றேன்.

மொத்தென்றது.

அவர் இன்னொரு முறை தட்டினார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாதும்மா" என்றேன். நாணயத்தை மேசைமேல் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக நன்றி சொல்லாமல் போனார்.

நாணயம் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தக் கையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பாய்.