தூர் எடுக்கும் ஞாயிறு

17-2-1949

அன்பும் மதிப்பும் மிக்க தங்களுக்குக் கிருஷ்ணம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அரியலூரில் ரயில் ஏறும்போது இருந்த இருமல் இப்போது எப்படி இருக்கிறது? ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் மோரும் சோறும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தமல்லியைப் பிடுங்கிக் களத்தில் காயவைத்திருக்கிறோம். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். "பட்ஜெட்ட வாசிச்சதும் கை தூக்கிடு, மத்தத ராசாங்கம் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்கள். வைஸ் பிரசிடெண்டான உங்கள் தம்பி ராசாங்கமும் வந்து வந்து நினைவூட்டுகிறார். உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகச் சரிபாதியாய்ப் பிரிந்திருக்கிறார்களாம். என் கைதான் முடிவு செய்யுமாம்.

ஆகவே அந்த பட்ஜெட்டை வாசித்தேன். காலேஜில் படித்தவள் என்று சொல்லி என்னை உறுப்பினராக்கியது பிரசிடெண்டான நீங்கள்தானே. சித்திரை முதல் தண்ணீர் வரி, ஆடிக்குள் தெருவுக்குத் தெரு குழாய், அடுத்த வருஷம் வீட்டு வரி குறையும். சர்க்கார் மானியத்தை நம்பித்தான் அத்தனையும். அதைக் கேட்கத்தான் நீங்கள் பட்டணம் போயிருக்கிறீர்கள். பட்ஜெட்டிலோ அது வந்துவிட்டதாகவே எழுதியிருக்கிறது. மானியம் கிடைத்தாலும், இரும்பு கண்ட்ரோலில் இருக்கும்போது குழாய்க்கு எங்கே போவது? நம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கிடைக்காமல் தை முழுவதும் காத்திருந்தோமே. விளக்கு வரி போட்ட வருஷமும் இப்படித்தான் சொன்னோம். கம்பங்கள் நிற்கின்றன. பெரிய அதிகாரி முகாம் வந்தால்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இதையெல்லாம் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பேன். கீழத்தெருக் கிணற்றைப் பார்த்த பிறகு முடியவில்லை. மாசி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் எடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். இந்த வருஷம் யாரும் இறங்கவில்லை. நமக்குப் பால் கறக்கும் பொன்னாயியைக் கேட்டேன். "அதான் கொழா வரப்போவுதுன்னு தண்டோராப் போட்டாங்களேம்மா, இன்னும் எதுக்குச் சேத்துல எறங்கணும்" என்றாள். இப்போதே குடம் பாதிதான் முங்குகிறது. சித்திரையில் அதுவும் இராது. மருதையாற்று மணலுக்கு நடந்து ஊற்றுத் தோண்ட வேண்டியதுதான். குழாய் பொருத்தவென்று போன வருஷம் நீங்கள் அங்கே நட்டுவைத்த தூணுக்கு அந்தத் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறார்கள்.

நேற்று, அந்தத் தெருவுக்குப் பெரியவரான அங்கமுத்துவை அழைத்து, ஞாயிற்றுக்கிழமை தூர் எடுக்கச் சொல்லிவிட்டேன். "பெரசெண்டு வூட்டம்மாவே சொல்றீங்கன்னா, அந்தத் தூணுல நான் கன்னுக்குட்டியக் கட்டிக்கிறேன்" என்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் இதே பேச்சு. ராசாங்கம் வந்து, "அண்ணன் பேச்ச அண்ணன் வூட்டுலயே நம்பலன்னா, வெளியில யாரு அண்ணி நம்புவா? அண்ணன் அந்த நாக்காலியில உக்காந்திருக்க வேணாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குழாய் வரும் என்று மேடையில் பேசியபோது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பித்தான் சொன்னீர்கள். எனக்குப் பயமே அதில்தான். நீங்கள் ஆசைப்படுவதை இவர்கள் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, இருக்கிற கிணற்றைக் கைவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை என் கை எழாது. கூட்டத்தில் திடீரென்று தெரிந்து நீங்கள் வருந்தக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். தண்ணீர் வந்த பிறகு வரி என்று மாற்றுங்கள். முதல் கை என்னுடையதாக இருக்கும்.

சனிக்கிழமை ரயிலில் புறப்பட்டால் ஞாயிறு காலை ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன். வீட்டுக்கு வராமல் நேரே கிணற்றடிக்கு வாருங்கள். சேறு இழுக்கும் வடத்தில் ஒரு பிடி உங்களுக்கு விட்டுவைக்கும்படி அங்கமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டிலிருந்து யாரும் அங்கே போய் நின்றதில்லை. நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் நான் பிடித்துக்கொள்கிறேன்.

கஷாயத்தை விட்டுவிடாதீர்கள். கோபத்தோடு வந்தாலும் சரி, வந்துவிடுங்கள்.

தங்கள் நலம் கோரும்,
கிருஷ்ணம்மாள்