மரம் என்று எழுதிய இடம்

காலையில் பால் வாங்கப் படியிறங்கும்போதே, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. சைப்பிரஸ். நம் தோட்டத்தில் தொரை பங்களாவைச் சுற்றி வேலியாக நின்ற அதே மரம். பந்து பொறுக்க அந்த வேலிக்குள் கைவிட்டதற்காகப் பங்களாக் காவல்காரர் நம் இரண்டு பேர் காதையும் ஒரே நேரத்தில் திருகினாரே, உன் இடக்காதும் என் வலக்காதும். வாசனை வந்ததும் காதும் சேர்ந்து சுட்டது.

கீழே வந்து பார்த்தால், வேரில் ஈரச்சாக்கு சுற்றிய சைப்பிரஸ் கன்று ஒன்று வாசல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் காலடியில் ஒரு கறுப்புக் கல்பலகை. பலகையில் உன் பெயர். இன்று உன் முதலாம் ஆண்டு நினைவு நாள். உன் நினைவாக மரம் நடுகிறார்களாம். எங்கே நடப்போகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முற்றத்தின் நடுவே சிமெந்து போடாமல் நீ விட்டுப்போன வட்ட மண்ணில்தான்.

எனக்கு அழுகை வரவில்லையடி. கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை, உன்மேல்.

நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலை விரிசல் விட்டு வெடித்த பிறகு, இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று பொகவந்தலாவையிலிருந்து நம் சனங்களைப் பெயர்த்து ஹட்டன் டவுனில் மாடிவீடு தருவதாக முடிவானது. அந்தக் கட்டடத்தின் வரைபடம் நீ வேலை பார்த்த அலுவலகத்துக்கே வந்ததும், லயமே உன்னை நாட்டின் சனாதிபதி மாதிரி பார்த்தது. கல்லூரியில் நாம் ஒரே மேசையில் கட்டடப் படம் வரையப் படித்தவர்கள். குழந்தை வயிற்றில் வந்ததும் நான் வேலையை விட்டேன். நீ அளவுநாடாவோடு லயத்துக்கு வந்து இறங்கினாய்.

வந்தவள் எத்தனை அறை வேண்டும் என்றா கேட்டாய்? "யாராவது செத்துட்டா எப்படித் தூக்கிட்டு எறங்குவீங்க? எத்தன பேரு தோள் குடுப்பீங்க?" என்று கேட்டாய். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா சுளகை ஓங்கினார்.

"அடியே, வீடு கட்ட வந்தியா, எழவு எடுக்க வந்தியா? மொதல்ல கல்யாணத்துக்கு மணவறை எங்க போடுறதுன்னு கேளுடி!"

"அதுவும் கேப்பேன். இத மொதல்ல சொல்லும்மா. நாளைக்கு ஒன்ன நாலாம் மாடியில இருந்து எப்படி எறக்குறது? மூட்ட மாதிரி நிமித்தி வச்சா?"

"நான் ஏன் நாலாம் மாடியில சாவுறேன்? கீழ வந்து சாவுறேன், போ."

லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இன்று இந்தக் கட்டடத்தில் படித்திருப்பங்கள் எல்லாம் ஆறு பேர் தோள்கொடுத்துத் திரும்புகிற அகலத்தில் இருக்கின்றன. டவுனில் வேறெந்தக் கட்டடத்திலும் அப்படி இல்லை. உன்னை இந்தப் படியில் இறக்கவில்லை. நீ இங்கே குடிவரவே இல்லை. அந்தப் பாழாய்ப்போன இரத்த நோய் உன்னைக் கண்டி ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டது.

"வாசல் வாசலப் பாக்கணும்" என்பாய். அதனால் ஒவ்வொரு மாடியிலும் வீடுகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. நடுவே லயத்து இஸ்தோப்புத் திண்ணை போல ஒரு அகலமான நடை. வெங்காயம் உரிக்கிறவர்களும் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவர்களும் அங்கேதான் உட்காருகிறார்கள். என் குசினி ஜன்னலை மட்டும் ஏன் தாழ்வாக வைத்தாய் என்று கேட்டதற்கு, "நீ பயந்தாங்கொள்ளி. சோறு கிண்டிக்கிட்டே முத்தத்துல புள்ளயப் பாக்கணும்ல" என்றாய். அப்போது என் மகள் பிறக்கக்கூட இல்லை. இன்று அவள் கீழே ரசினா ராத்தாவின் துணிக்கடை வாசலில் விளையாடும்போது, நிமிடத்துக்கு ஒருதடவை அந்த ஜன்னலில்தான் எட்டிப் பார்க்கிறேன். அவள் விழுந்தாளா, படிக்குப் போனாளா, ரோட்டுக்குப் போனாளா. அந்த ஜன்னல் இல்லாவிட்டால் நான் பைத்தியமாகியிருப்பேன்.

இவ்வளவும் உன்னால் செய்ய முடிந்தது. ஆனால் வெளிப்பக்கம்? உன் படம் அங்கீகாரத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, "நகரத்தின் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை" என்று எழுதியிருந்தார்களாம். நகரத்தின் தோற்றம் என்றால் என்ன? வெள்ளைக்கார பங்களா. கூம்புக் கூரை, வெள்ளைச் சுவரில் கறுப்புப் பலகைக் கோடு. வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு அதுதான் பிடிக்குமாம். நம் ஆட்கள் குடியிருக்கிற கட்டடத்துக்கு, நம்மை வேலிக்கு வெளியே நிறுத்தியவனின் வீட்டு முகமூடி! நம் பண்பாட்டையும் விட்டுவிடவில்லை, பாவம். பக்கச் சுவர் முழுக்க, கூடை சுமந்து சிரிக்கிற ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணை வரைந்துவிட்டார்கள். என் அம்மா மழையில் கொழுந்து எடுத்து, அட்டை கடித்த காலோடு வந்து அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. பல்வரிசை தெரிகிற அந்தச் சித்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்காமல் சுவரில் படம் போட்டுவிட்டால் கட்டடம் அவர்களுடையதாகிவிடுமா?

இதே கோபத்தோடுதான் அன்று நீயும் இருந்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் பேக்கரியில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, ரோல்ஸைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டபடி சொன்னாய்: "முத்தத்து நடுவுல காமன் கூத்துத் திடல்னு எழுதியிருந்தேன்டி. அவசியமில்லாத வெற்றிடமாம், வாகனம் நிறுத்த ஒதுக்கணுமாம். சிவப்புல அடிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"மாத்திட்டேன்." உன் முகத்தில் திடீரென்று ஒரு திருட்டுச் சிரிப்பு. "அதே வட்டம், அதே அளவு. பேரு மட்டும் 'மரம்'. மரம்னு எழுதினா எந்த ஆபீஸ் மாத்தயாவும் வெட்ட மாட்டாரு. சுத்துச்சூழல் பாரு!"

நானும் சிரித்தேன். நம் சனத்துக்குப் பழகிய வித்தைதானே அது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது ஒரு பேர், வீட்டில் ஒரு பேர். கங்காணிக்கு ஒரு பதில், சாமிக்கு ஒரு பதில். கேட்டால் கிடைக்காது, மறைத்தால் பிழைக்கும். அந்தத் தந்திரத்தை நீ வரைபடத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டாய். "மாசி பொறந்ததும் அப்பாவ கூட்டிட்டு வந்து நானே காட்டுவேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்று என் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

உன் அப்பாவை நினைத்துத்தான் நீ அதைச் செய்தாய். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டால், நம் தோட்டத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். மீசையை மழித்துக்கொண்டு அவர் சலங்கையோடு இறங்கினால், "ஏன்டி, ஒங்க அப்பாவுக்குக் கட்டியிருக்கிற சேல எனக்கு இருந்தா நானும் ரதிதான்" என்று உன் அம்மாவே பொருமுவார். மதனைச் சிவன் எரித்த பிறகு, அந்த மனுஷன் மண்ணில் புரண்டு புருஷனைத் திருப்பிக் கேட்கிறபோது சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்வார்கள். கம்பத்துக்குக் கீழே மண் வேண்டும். சுற்றி ஆட இடம் வேண்டும். டவுனுக்கு வந்ததும் உன் அப்பா சலங்கையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். "இங்க எங்க நடுறது கம்பத்த? சிமெந்துலயா? போதும், என்னோட முடியட்டும்" என்றார். அந்த வட்டம் மரத்துக்கு என்றே அவரும் நம்பியிருந்தார்; சத்தியத்துக்காக நானும் வாயைத் திறக்கவில்லை. மாசி வர இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. போன மாசி உன் துக்கத்திலேயே போனது; இந்த வருஷமும் நடாவிட்டால் பிறகு எந்த வருஷமும் இல்லை. உன் அப்பாவை உனக்குத் தெரியும்.

அந்த மண்ணில், உன் பெயரால், உன் அப்பா கையாலேயே சைப்பிரஸ் நடப்போகிறார்கள். எப்படி இருக்கிறது உன் சாமர்த்தியம்?

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகர் அண்ணன் வெள்ளைச் சட்டையில் நின்றார். நகர அலுவலகத்து மாத்தயா வந்திருந்தார். உன் அப்பா வெள்ளை வேட்டியில், கையில் மண்வெட்டியோடு, குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

"அண்ணே, இங்க மரம் வேணாம். கொஞ்சம் தள்ளி நடுங்க" என்றேன்.

"என்னம்மா சொல்ற? பிளான்லயே மரம்னுதானே இருக்கு. அந்தப் புள்ள ஆசப்பட்டு வரஞ்சது. அது பாக்காமப் போயிருச்சு, நம்மளாவது நட்டு வைக்கணும்ல."

அவர் கண் கலங்கியது, உண்மையாகவே. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. திட்டுவதற்கு அங்கே ஒரு கெட்டவன்கூட இல்லை. மாத்தயா சிங்களத்தில், "மரம் நடுவதற்கா எதிர்ப்பு? அதுவும் உங்கள் சிநேகிதி பெயரில்?" என்று வியந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். துணிக்கடையிலிருந்து ரசினா ராத்தா மட்டும் வெளியே வந்து, "அந்தப் புள்ள சும்மா ஒண்ணும் சொல்லாது. என்னான்னு கேளுங்களேன்" என்றார்.

அழகர் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். நான் ரகசியமாகச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் மாறியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "வாய மூடும்மா!" என்றார். "கூத்து, நெருப்பு, தப்பு மேளச் சத்தம்னு இவங்க காதுல விழுந்தா அந்த மண்ணும் போயிரும். வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் ஒருத்தன் கைக்கும் வரல. பொய் சொல்லிப் படம் வரஞ்சோம்னு எழுதிட்டா என்னா செய்வ? மரமா இருந்துட்டுப் போகட்டும். மாசிக்கு வேற எங்கயாவது பாப்போம்."

பார்த்தாயா? நீ மறைத்தாய். நீ மறைத்ததை அவர் மறைக்கச் சொன்னார். நாளைக்கு என் மகளும் எதையாவது மறைத்துக்கொண்டு யாருக்கோ மரம் என்று சொல்லுவாள். கம்பம் நட இடம் கேட்க நமக்குப் பயம். பங்களா முகமூடி மாட்டச் சொல்ல அவர்களுக்கு இல்லாத பயம்!

நான் உன் அப்பாவிடம் போனேன். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சொன்னேன்.

"மாமா, இது மரத்துக்கு விட்ட எடம் இல்ல. கம்பத்துக்கு விட்ட எடம். ஒங்களுக்குன்னு ஒங்க மக விட்ட எடம். மாசியில ஒங்ககிட்ட காட்டணும்னு இருந்தா. எழுத விடல, அதனால மரம்னு எழுதினா."

அதையே மாத்தயாவிடம் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். குழந்தை என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருந்தாலும் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன்.

மாமா தலையை நிமிர்த்தினார். "எங்கிட்ட சொல்லாமப் போயிருச்சே" என்றார். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த மண்ணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். சும்மா நடை இல்லை. காலை எட்டி வைத்து, ஒரு தோளைச் சாய்த்து, சுற்றாட்டத்துக்கு இடம் அளக்கிற நடை. ஒரு சுற்று முடித்து நின்றார்.

"எடம் பத்தும். அளந்துதான் விட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான். ரசினா ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாசியில எனக்கும் முன்னால ஒரு நாற்காலி போடணும், சொல்லிட்டேன்" என்றார்.

மாத்தயா கெட்டவர் இல்லை, ஆனால் அலுவலகக்காரர். படத்தில் மரம் என்று இருக்கும்வரை அங்கே மரம்தான் நிற்க முடியும் என்றார். வேறு ஒன்று வேண்டுமானால் திருத்திய படம் கொடுக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், வரைந்தவர் கையெழுத்து வைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள். மறுத்தாலும் மறுப்பார்களாம். அதுவரை கன்று சாக்கோடு நிற்கட்டும் என்று போய்விட்டார்.

வரைந்தவள்தான் இல்லையே. நான் இருக்கிறேன்.

மத்தியானம் கடையிலிருந்து என் கணவர் எனக்குப் போன் எடுத்தார். செய்தி அதற்குள் டவுன் முழுக்கப் போயிருந்தது. "நமக்கு எதுக்கு இந்த வம்பு? உறுதி வர்ற நேரத்துல ஒன் கையெழுத்துதான் வேணுமா?" என்றார். அவர் பயம் நியாயமானது. எனக்கும் அதே பயம்தான். நாளைக்கு இந்தக் கையெழுத்தைக் காட்டி எங்கள் வீட்டை இழுத்தடித்தால், இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வெடித்த மலைக்குப் போவேன்? இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

ஆனாலும் வரைந்துவிட்டேன். உன் வட்டம், உன் அளவு, ஒன்றையும் மாற்றவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன். மூன்று மொழியிலும் எழுதினேன்: காமன் கூத்துத் திடல். கீழே என் பெயர், முழுப்பெயர். காரணம் எழுதும் இடத்தில், "இங்கே குடியிருப்பது நாங்கள் என்பதால்" என்று எழுதினேன். அதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ தெரியாது. உன்மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லையடி. ஆற வேண்டாம். அது ஆறிவிட்டால், அடுத்த படத்தில் நானும் மரம் என்று எழுதிவிடுவேன்.