மூன்று நாள் சாப்பாடு

ஜனவரி 13, செவ்வாய்

மைனஸ் இருபத்திரண்டு. கார் முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆனது. யோகன் விடியவே வேலைக்குப் போய்விட்டார், கழுத்துச் சால்வையை மேசையில் விட்டுவிட்டு. பிறகு இருமினால் பெண்டாட்டி என்னைத்தான் திட்டுவார்.

கர்க்லாண்ட் றஞ்சி அக்காவிடமிருந்து மறுபடியும் ஓர்டர். மாதத்தில் ஒரு தடவை வருகிற அதே ஃபோன், அதே வசனம். "வசந்தி, துடக்கு. வீட்டில சமைக்க ஏலாது. மூண்டு நாளைக்குச் சாப்பாடு தாரும்."

வாங்க: சிவப்பு அரிசி மா, தேங்காய்ப்பால், கத்தரிக்காய், கறிவேப்பிலை (வாடாதது கிடைத்தால்), மூடி இறுகுகிற பெட்டிகள், யோ.வுக்கு இருமல் மருந்து.

இந்தக் காலத்தில், அதுவும் மொன்றியலில், மாதவிலக்குத் துடக்குக்கு அடுப்படியைப் பூட்டுகிற வீடா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. எனக்கு அது பிழைப்பு. நானும் அந்த நாட்களில் சாமித் தட்டுப் பக்கம் போவதில்லைதான். ஆனால் சமைப்பேன். சமைக்காவிட்டால் யோ.வுக்குப் பாணும் ஜாமும்.

ஜனவரி 14, புதன்

பனி கொட்டுகிறது. கோட்-டெ-நெய்ஜிலிருந்து கர்க்லாண்ட் போய்ச் சேருவதற்குள் இடியப்பம் ஆறிவிட்டது.

றஞ்சி அக்கா வாசலிலேயே பெட்டிகளை வாங்கினா. "உம்மட கத்தரிக்காய்ப் பால்கறிக்கு எங்கட வீட்டில அடிபாடு." உச்சி குளிர்ந்தது எனக்கு. இப்படி ஒரு வார்த்தைக்காகத்தானே விடிய எழும்பி இடியப்ப உரலோடு மல்லுக்கட்டுகிறேன்.

சப்பாத்தைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தபோது பேஸ்மன்டுக்கு இறங்குகிற முதல் படியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பக்கத்தில் ஒரு பழைய கப்.

"ஆருக்கு அக்கா அது?"

"அண்ணற்றை மகள். படிக்க வந்து நிக்கிறா. தலையிடியாம், கீழ படுத்திருக்கிறா."

நவராத்திரிக்கு இங்கே பார்த்திருக்கிறேன். தேத்தண்ணித் தட்டோடு எல்லோருக்கும் குனிந்து நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளை. பதின்மூன்று, பதினான்கு இருக்கும். தனு என்று கூப்பிட்டார்கள். தலையிடிக்காரிக்குத் தட்டைப் படியில் வைப்பார்களா?

அவவின் இரட்டையரில் ஒருவன், ஆறு வயது, என் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். தனு உன் மச்சாளா என்று சும்மா கேட்டேன். பிரெஞ்சில் சொன்னான்: இல்லை, அவள் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்கிறவள். றஞ்சி அக்கா பெரிதாகச் சிரித்து அவன் தலையில் தட்டினா. நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

றஞ்சி அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. போன வருடத்துக்கு முதல் வருடம். ஆஸ்பத்திரியால் வந்த கையோடு சரக்குக் கறி காய்ச்சிக் கொண்டுபோனவள் நானேதான். அந்த வீட்டில் மாமியார் கிடையாது. பிள்ளைகள் இரண்டும் பொடியன்கள். அப்படியென்றால் மாதா மாதம் துடக்கு யாருக்கு?

மடைச்சி. நான் ஒரு மடைச்சி. அந்தப் பிள்ளைக்குத் துடக்கு வந்தால் அந்த வீட்டில் சமைக்க ஆளில்லை. மற்ற நாளெல்லாம் அடுப்படியில் நிற்பது அவள். என் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் இந்த ஓர்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலைக்காரப் பிள்ளைக்கு மாற்றாள் நான்.

மத்தியானம் மிச்ச இரண்டு நாள் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். முன்கதவில் யாரும் இல்லை. பக்கக் கதவு கொஞ்சம் திறந்தது.

"மாமி இல்ல. அதில வெச்சிட்டுப் போங்க. நான் தொடப்படாது."

அந்தக் கிழக்குப் பக்கப் பேச்சு எனக்குத் தெரியாததா? நான் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள்.

"எந்த ஊர்கா புள்ள நீ?"

"வாழைச்சேனை."

றஞ்சி அக்கா வடக்கே அச்சுவேலி. அவவின் அண்ணனுக்கு வாழைச்சேனையில் மகளாம். நல்ல கதை.

கதவு இடுக்கில் நின்றே கேட்டேன். பள்ளிக்கூடம் போகிறாயா? இல்லை. அம்மாவுக்குத் தெரியுமா? "படிக்கிறன் எண்டுதான் அம்மாக்குச் சொல்லணும். மாமி பக்கத்துல இருந்துதான் ஃபோன் தருவா." பாஸ்போர்ட்? "மாமாட அலுமாரில." கையைக் காட்டச் சொன்னேன். ஜாவெல் வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெடித்து, நகத்தடியில் சிவப்பு. என் தங்கச்சி மகளுக்கு இவள் வயது. அவள் நகத்துக்கு நீலப் பூச்சுப் பூசிப் படம் அனுப்புகிறாள்.

"இந்த மூணு நாளும் எனக்கு லீவு," என்றாள். "ஒண்டையும் தொட உட மாட்டாங்க. ஒருத்தரும் கீழ வரவும் மாட்டாங்க. மாசம் முழுக்கத் துடக்கா இருந்தா நல்லம், என்ன மாமி?"

சிரித்தாள். உண்மையாகவே பகிடி விட்டாள் பிள்ளை.

"நான் கதைச்ச எண்டு சொல்லிராதீங்க."

காருக்குள் இருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருக்கிறேன், நல்ல காலம்.

ஜனவரி 16, வெள்ளி

யோ.விடம் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கீழே வைத்தார்.

"உனக்கென்ன விசரே? றஞ்சியின்ர மனுசன்ர ஸ்டோர்லதான் நான் நிக்கிறன். ஆரும் ஒருத்தரும் எடுக்காத நேரம் என்னை எடுத்த மனுசன்."

"அதுக்கு?"

"அதுக்கு, பொத்திக்கொண்டு இரு. நல்ல சாப்பாடு சாப்பிடுதாம், நல்ல வீட்டில இருக்குதாம். ஊரில எண்டா என்ன செய்யும்?"

"ஊரில எண்டா பள்ளிக்கூடம் போகும்."

எழும்பிப் போய்விட்டார். இரவு முழுக்க இருமினார். மருந்தை எடுத்துக் கொடுக்கவில்லை நான். அவ்வளவு கெட்டவள்.

ஜனவரி 18, ஞாயிறு

தமிழ்க் கடை. மரக்கறிப் பக்கம் இரண்டு பேர், முருங்கைக்காயை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டு:

"றஞ்சியைச் சொல்லோணும். அண்ணன்ர பிள்ளையைக் கூப்பிட்டு வச்சுப் பாக்கிறா. இந்தக் காலத்தில ஆர் செய்வினம்?"

"பிள்ளையும் நல்ல அடக்கம். இஞ்ச பிறந்ததுகள் மாதிரி இல்லை."

எனக்கு வாய் துருதுருத்தது. வெண்டிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "சொந்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்முடைய ஆட்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லையே நவராத்திரிக்கு. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

யோ. வேலைக்குப் போனதும் ஃபோன் எடுத்தேன். பிள்ளைகளைப் பாதுகாக்கிற இலாகா. சோஃபி என்று ஒருத்தி. என் பிரெஞ்சு பாதி வழியில் விழுந்துவிட்டது, இங்கிலீஷில் இழுத்துப் பறித்து முடித்தேன். என் பெயரையும் சொன்னேன். யாருக்கும் சொல்லமாட்டோம் என்றாள்.

புட்டுக்கு மா வறுக்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

றஞ்சி அக்கா எங்கள் அபார்ட்மென்டுக்கே வந்துவிட்டா. பிள்ளைகளின் பிறந்தநாள் ரோல்ஸை எடுக்க. வாசல் மணி அடித்ததும் என் உயிர் போய் வந்தது.

வந்ததும் ஒரு ரோலைக் கடித்துக்கொண்டே கொட்டினா: "வசந்தி, கேட்டீரே கதையை? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எங்களைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறாள்! ரெண்டு பேர் வந்தவை. ஃபோனில ஒரு தமிழாள் மொழிபெயர்த்தது. நான் தனுவைப் பக்கத்தில இருத்தி, தோளில கை போட்டுக்கொண்டு இருந்தன். கேளுங்கோ எண்டன். மாமி நல்லவ, நான் சும்மா பாத்திட்டுப் போக வந்தனான் எண்டு பிள்ளை வடிவாச் சொல்லிச்சு. அவை மன்னிப்புக் கேக்காத குறையாப் போட்டினம்."

தோளில் கை போட்டுக்கொண்டு. அந்தக் கை எவ்வளவு அழுத்தியிருக்கும்?

"இந்த வெள்ளைகளுக்கு எங்கட சொந்தபந்தம் விளங்காது," என்றா. நான் "ஓம் அக்கா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். ரோல்ஸ் பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 2, திங்கள்

றஞ்சி அக்கா ஃபோனில்: "தனுவை ஊருக்கு அனுப்பிட்டம். என்னத்துக்கு வீண் பிரச்சினை?"

யோ.வின் முகத்தில் பெரிய வெளிச்சம். "பாத்தியே? முடிஞ்சுது. தாய் தேப்பனிட்டப் போட்டுது."

நம்ப ஆசைதான். வாழைச்சேனையில், தாய் பக்கத்தில், கையில் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். சோஃபியிடம் சொன்னேன். தேடிப் பார்க்கிறோம் என்றாள். அவள் குரல் நம்பின குரலாக இல்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

உறைமழை. நடைபாதை கண்ணாடி. வழக்கமாக றஞ்சி அக்கா கூப்பிடுகிற கிழமை இது. ஃபோன் வரவில்லை. சரி, போய்த்தான் விட்டாளாக்கும் என்று உளுந்து ஊறப் போட்டேன்.

பதினொரு மணிபோல வந்தது. தெரியாத நம்பர். இளம் பெண் குரல்.

"வசந்தி அக்காவோ? நான் லவாலில இருந்து. றஞ்சி அக்கான்ர மனுசன்ர தங்கச்சி. அவதான் உங்கட நம்பர் தந்தவ. நாளையிலயிருந்து மூண்டு நாளைக்குச் சாப்பாடு வேணும். வீட்டில துடக்கு, சமைக்க ஏலாது."

"எத்தினை பேருக்கு?"

"நானும் இவரும்தான். காரம் குறைச்சுப் போடுங்கோ அக்கா, எனக்கு எட்டு மாசம்."

எட்டு மாதம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குத் துடக்காம்.

"ஓம் புள்ள, கொண்டு வாறன். அட்ரஸ் சொல்லுங்க," என்றேன். ஊருக்கு அனுப்பினார்களாம். ஆற்றைத் தாண்டி நாத்தனாரிடம் கைமாற்றிவிட்டிருக்கிறார்கள், குழந்தை பிறந்தால் பிள்ளைப்பேற்று வேலைக்கும் ஆகும் என்று. பாவிகள். ஒரு தையல் மெஷினைக் கொடுத்தாலும் எப்போது திரும்பித் தருவாய் என்று கேட்பார்கள்.

சோஃபிக்கு அடித்தேன். இந்த மூன்று நாளுக்குள் போகவேண்டும் என்றேன். ஏன் என்றாள்.

"போன முறை றஞ்சி பக்கத்தில் இருந்தா. இந்த மூன்று நாளும் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். அவள் தொட்டால் அசுத்தம் என்று கீழே தனியே விட்டிருப்பார்கள். இந்த நாட்களில்தான் அவளோடு தனியே கதைக்கலாம்."

"இங்கேயா? இப்போதா?" என்றாள்.

"இங்கேதான் அம்மா. ஹீட்டர் போட்ட பேஸ்மன்டில்."

மொழிபெயர்க்க ஆள் இந்த ஊர்ச் சங்கம், கோயில் எதிலும் இல்லாதவளாக இருக்கவேண்டும், நேரில் வரவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். நீ வராதே என்றாள். சாப்பாடு போகாவிட்டால் சந்தேகம் வரும், வருவேன் என்றேன்.

பின்னேரம் யோ. சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, "றோட்டெல்லாம் ஐஸ். நீ ஓடாத. நாளைக்கு நான் லீவு போடுறன்," என்றார். போகப்போவது லீவு இல்லை, வேலையே என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 11, புதன்

பின்னேரம் முழுக்க றஞ்சி அக்கா ஃபோனுக்கு மேல் ஃபோன். எடுக்கவில்லை. குரல் பதிவையும் கேட்கவில்லை. யோ.வின் முதலாளியும் ஒரு தடவை கூப்பிட்டார். யோ. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

காலை. சோறு, பருப்பு, பூசணிக்காய், மீன் குழம்பு. இரண்டு பேருக்குக் காரம் குறைத்து. ஒரு பெட்டி மட்டும் எங்கள் ஊர்க் காரத்தில்.

லவால். பெரிய வீடு, புது வீடு. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிகளை வாங்கினாள். நல்ல சிரிப்பு. அதுதான் எரிந்தது எனக்கு, அவ்வளவு நல்ல சிரிப்பு. நான் காருக்கு வரவும் சோஃபியின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கூட இரண்டு பொலிஸ், ஒரு தமிழ்ப் பெண். சென்னைக்காரி.

வாசலில் பேச்சு கேட்டது. கீழேதான் இருக்கிறாள், நான் இறங்கமாட்டேன், வயிற்றுப்பிள்ளையோடு அங்கே போகக்கூடாது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சோஃபியும் சென்னைக்காரியும் மட்டும் இறங்கிப் போனார்கள். ஒருத்தரும் பின்னால் போகவில்லை.

கனநேரம். யோ. எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தார். எனக்குக் கும்பிடவும் வரவில்லை. மறுபடியும் "மாமி நல்லவ" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் ஒன்றுதான்.

பக்கக் கதவால் வந்தாள். ஆம்பிளையின் ஜாக்கெட், முழங்கால் வரைக்கும். காலில் வெயில் காலத்துச் செருப்பு. கையில் ஒரு கடைப் பை, அவ்வளவுதான் அவளுடைய சாமான். என்னைக் கண்டதும் நின்றாள்.

சோஃபி தன் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். தனு ஏறவில்லை. ஐஸில் நின்று நடுங்கிக்கொண்டு சீட்டையே பார்த்தாள்.

"பயப்படாதம்மா, ஏறு," என்றாள் சென்னைக்காரி.

தனு என்னைத்தான் கேட்டாள். "மாமி, சீட்டுல இருக்கலாமா? நான் துடக்கு."

சென்னைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று சோஃபி கேட்டாள். எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"இருகா புள்ள," என்றேன். "நல்லா இரு."

எங்கள் ஊர்க் காரத்துப் பெட்டியைக் காரிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டேன். பாதிச் சீட்டில்தான் இருந்தாள்.