முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அன்புள்ள சின்னு அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான் என்று சின்னு சொன்னாள். சந்தோஷம்.

போனிலேயே கேட்டிருக்கலாம். அங்கே ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து பேசுகிறீர்கள். எனக்கு நினைத்து வைத்தது மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் கார். போன வாரம் சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது. மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன சார், கொசுவுக்கு மருந்தடிக்கிறீங்களா?" என்றார். உன்னை டிரைவரம்மா என்று கூப்பிடும் நம் மெக்கானிக்கையே வரவழைத்தேன். நீ சொல்லிவிட்டுப் போனபடி தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறேன், ஒருநாளும் தவறியதில்லை என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதான் சார் கெடுத்துச்சு. வண்டின்னா ரோட்ல ஓடணும். நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டிருந்தா உள்ள கரி பிடிக்கும். தாலாட்டியே படுக்க வெச்சுட்டீங்க" என்றார்.

மூன்று மாதமென்றால் ஒன்றும் ஆகியிருக்காதாம். நீயும் சின்னு வீட்டுக்குப் போகும்போது மூன்று மாதத்துக்குத்தான் சொல்லியிருந்தாய்; இப்போது வருடம் தாண்டிவிட்டது. அது என் புத்திக்கு எட்டியிருக்க வேண்டும். இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

இன்ஜினின் மேல்பகுதியை மட்டும் திறந்து, கரியைச் சுரண்டி, வால்வைத் தேய்த்துப் பூட்டலாம் என்கிறார். புகை அடங்கும், விற்பதென்றால் அது போதும். இல்லாவிட்டால் இன்ஜினையே இறக்கி, பிஸ்டன் முதற்கொண்டு எல்லாம் மாற்றி முழுதாகக் கட்ட வேண்டும். அப்புறம் பல வருடத்துக்குக் கவலை இல்லை. ஆனால் அப்படிக் கட்டிய இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் பழகிய கை நிதானமாக ஓட்ட வேண்டுமாம். நிறுத்தி வைத்தால் செய்தது வீண். "யாரு சார் ஓட்டுவாங்க?" என்று கேட்டார். நானே பழகிக்கொண்டால் என்ன என்றேன். "பக்கத்து சீட்ல உக்காந்தே பிரேக் போடுற ஆளு சார் நீங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வண்டி இப்போது பட்டறையில். காலையில் பழக்கதோஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட் வரை போய்விடுகிறேன். தரையில் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன்.

எந்த வேலை என்று ஒரு வரி எழுது. சின்னுவுக்கு இன்னும் நீ அங்கே வேண்டுமென்றால், சின்ன வேலையே போதும் என்று எழுதிவிடு. நான் புரிந்துகொள்வேன். அவசரமில்லை; மெக்கானிக்கிடம் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியை எடுத்துப் போகும்போது அவர் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பாவம், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டு போனார். நானும் இத்தனை நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். சீட் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சின்னுவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஒரு வரிக்காக,
சின்னு அப்பா